இலவச லினக்ஸுக்கு என்ன செலவாகும்?

தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆறு கணினிகள். உபுண்டு லினக்ஸுக்கு மாறினால் எவ்வளவு மிச்சமாகும்?

கணக்கு டாலியில் என்றால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் என்ற மென்பொருள் மூலம் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு. ஜிஎஸ்டி தாக்கலின் கடைசி நாளில் அது முரண்டு பிடித்தால் அவர்களைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. பில் பிரிண்டருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் லினக்ஸ் டிரைவர் உண்டா என்றும் பார்க்க வேண்டும். மற்ற கணினிகளில் பிரவுசரும் விரிதாளும்தான் வேலை என்றால் தாராளமாக மாறலாம். ஆனால் கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸுக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான். ஆண்டுதோறும் பணம் கேட்பது ஆபீஸ் சந்தா. இலவசமான லிப்ரே ஆபீஸை விண்டோஸிலேயே நிறுவி அந்தச் சந்தாவை நிறுத்திவிடலாமே! மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அலுவலகக் கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. 10-லேயே தொடரலாமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நிறுவனங்கள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைக் காசு கொடுத்துப் பெறலாம்: கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. அதோடு சரி. பழைய கணினிக்கு 427 டாலர் அழுவதைவிட, ரிச்சி தெருவில் ஓர் எஸ்எஸ்டி (வேகமான வட்டு) வாங்கிப் போட்டு உபுண்டு 24.04 நிறுவுங்கள். 2029 வரை புதுப்பிப்புகள் இலவசம். ஊழியர்கள் பழகும் வரை வேலை மந்தமாகும். அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

திருவல்லிக்கேணியில் டிடிபி கடை. மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான்.

மகன் கெட்டிக்காரர்தான், ஆனால் வேண்டாம். "போன வருட அழைப்பிதழில் பெயரை மட்டும் மாற்றுங்கள்" என்று வருகிறவருக்காகக் கோரல்டிரா, பேஜ்மேக்கர் கோப்புகளை லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் மறுபடி அடுக்கிக்கொண்டிருக்க முடியாது.

அம்பத்தூர்ப் பட்டறைக்கு ஒரு கோப்பு சர்வர் வேண்டும். 25 பேர் பயன்படுத்துவார்கள்.

இங்கே மட்டும் யோசிக்காமல் லினக்ஸ் என்பேன். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு உரிமம் வாங்குவதோடு, அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டும். லினக்ஸில் சாம்பா என்ற இலவச மென்பொருள் அதே கோப்புப் பகிர்வு வேலையைச் செய்யும். ஊழியர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு வித்தியாசமே தெரியாது. மிச்சப் பணத்தில் லினக்ஸ் தெரிந்த ஒருவரை ஆண்டுப் பராமரிப்புக்குப் பேசிவையுங்கள். பேக்கப் வட்டு தனி.