புரட்டாசி முதல் தை வரை: வீட்டு அலங்காரம் குறித்து வாசகர் கேள்விகள்

நவராத்திரியில் தொடங்கிப் பொங்கல் வரை நீளும் விழாக்காலத்தில் வீட்டை அலங்கரிப்பது பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: கடையில் அழகாக இருந்த பொருள் வீட்டுக்கு வந்த மறுநாளே வாடுகிறது, உதிர்கிறது, பூசணம் பிடிக்கிறது. புரட்டாசிப் புழுக்கமும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிப் பனியும் அடுத்தடுத்து வரும் நம் ஊரில், அலங்காரப் பொருளின் அழகை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. அந்த மாதத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் அது தாங்குமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் அனைத்தையும் இந்த அளவுகோலை வைத்தே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: விசேஷத்துக்கு முதல் நாள் மாலையே வாசலுக்கும் பூசையறைக்கும் மல்லிகைச் சரம் கட்டிவிடுகிறேன். மறுநாள் விருந்தினர் வருவதற்குள் பூ பழுப்பேறிவிடுகிறது. வாடாமல் வைத்திருக்க வழி உண்டா? மாவிலையும் சில நேரம் ஒரே நாளில் சுருண்டுவிடுகிறது.
(வாசகி, மதுரை)

பதில்: மல்லிகை ஓர் இரவுக்கான பூ. மாலையில் மலர்ந்து, இரவெல்லாம் மணந்து, காலையில் பழுப்பேறத் தொடங்குவது அதன் இயல்பு; அதை மாற்ற முயல்வதைவிட, மல்லிகையை மாலை நேரப் பூசைக்கென்று ஒதுக்கிவிட்டு, பகல் முழுவதும் தொங்க வேண்டிய சரங்களுக்கு வேறு பூவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. மேலும், மல்லிகையின் விளைச்சல் கோடையில் மிகுந்து, பனிக்காலத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் அதன் விலை எட்டாத உயரத்துக்குப் போவதற்குக் காரணம் இதுதான். அந்தக் காசில் சாமந்தியும் சம்பங்கியும் தாராளமாக வாங்கலாம். வாசல் நிலைக்குத் துலுக்கச் சாமந்தி, அதாவது உங்கள் பக்கம் கேந்தி என்று சொல்லும் பூ, வெயிலை நன்றாகத் தாங்கும்.

நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பவை வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். இவற்றில் நாம் பூ என்று பார்க்கும் வண்ணப் பகுதி காகிதம் போல உலர்ந்த தன்மை உடையது. நீர் வற்றினாலும் நிறம் எளிதில் போகாது. நவராத்திரியின் முதல் நாள் கட்டிய வாடாமல்லிச் சரத்தைச் சரசுவதி பூசை வரைக்கும் கழற்ற வேண்டியிராது. மணம் இல்லை என்பது குறைதான். சரத்தின் இடையிடையே மருக்கொழுந்தைச் சேர்த்துக் கட்டினால் அந்தக் குறையும் தீரும்.

எந்தப் பூவானாலும் நூலைவிட வாழைநாரில் தொடுப்பதே நல்லது. நாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்துத் தொடுத்தால் அதன் ஈரம் காம்பின் அருகிலேயே சில மணி நேரம் தங்கும். நூல் காம்பை அறுப்பதுபோல் நார் அறுப்பதுமில்லை. தொடுத்த சரத்தின் மீது தண்ணீரைக் கொட்டக் கூடாது. இதழ்களுக்கு இடையில் தேங்கும் நீர் புழுக்கத்தில் அழுகலைத்தான் உண்டாக்கும். வாழையிலையில் சுற்றி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் பொதிந்து, காற்றோட்டமான மூங்கில் கூடையில் வைத்திருந்து, தேவைப்படும் நேரத்தில் எடுத்துத் தொங்கவிடுங்கள். பூசையறையில் பூவுக்குப் பக்கத்திலேயே வாழைப்பழச் சீப்பை வைப்பதையும் தவிர்க்கலாம். பழுக்கும் பழத்திலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயு பல பூக்களை விரைவில் வாடச் செய்கிறது.

மாவிலை ஒரே நாளில் சுருண்டது என்றால், நீங்கள் பறித்தது கொழுந்தாக இருக்க வேண்டும். செம்பு நிறத்தில் பளபளக்கும் இளந்தளிர் கண்ணைக் கவரும்; ஆனால் அதற்கு இன்னும் தோல் தடிக்கவில்லை. கரும்பச்சையாக முற்றி, கையில் மடித்தால் விறைப்பாக நிற்கும் இலைகளையே பறியுங்கள். அவற்றின் மேல் படிந்துள்ள மெழுகு போன்ற பூச்சு நீர் ஆவியாவதைக் குறைப்பதால் இரண்டு மூன்று நாள் பச்சையாகவே இருக்கும். பிறகு காய்ந்தாலும் உதிராமல் அப்படியே நிற்கும். தென்னங்கயிற்றின் மேல் இலையின் காம்புப் பக்கத்தை மடித்துப் போட்டு, மடிப்பை ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்தினால் காற்றுக்கும் அசையாது. பசை நாடாவால் ஒட்டிய தோரணம் மழைக்காற்றில் ஒரு நாள்கூட நில்லாது.

கேள்வி: வரவேற்பறையில் உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது கொசுவுக்கு இடம் கொடுக்கும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். உண்மையா?
(வாசகி, சென்னை)

பதில்: உங்கள் வீட்டார் சொல்வது சரிதான். சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. டெங்கு பரவுவதும் அதே காலத்தில்தான். அதற்காக உருளியையே கைவிட வேண்டியதில்லை. வெப்பமான காலநிலையில் முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே தினமும் தண்ணீரை முழுவதும் கொட்டி மாற்றினால் அச்சமில்லை. ஆனால் தண்ணீரை மாற்றுவது மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தேங்காய் நாரால் உருளியின் விளிம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதிய நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: பரம்பரையாக வந்த மண் பொம்மைகளைக் கொலுவில் வைக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும்போது வண்ணம் பொரிந்திருக்கிறது. காகிதக்கூழ் பொம்மைகளைப் பூச்சி அரித்திருக்கிறது.
(வாசகர், கும்பகோணம்)

பதில்: வண்ணம் பொரிவதற்கு முதற்காரணம் பிளாஸ்டிக் பைகள். கொலு முடிந்ததும் பொம்மைகளை எடுத்துவைக்கும் நேரம் பருவமழை தொடங்கும் நேரமாக இருக்கிறது. அப்போது காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்தே பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். சுடுமண் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்து, தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் வையுங்கள். பழைய பொம்மைகளில் பலவற்றுக்கு நீரில் கரையும் வண்ணமே பூசியிருப்பார்கள் என்பதால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். காகிதக்கூழ் பொம்மையை அரிப்பது பெரும்பாலும் இராமபாணப் பூச்சி. அதற்குப் பசையும் காகிதமும் இருட்டும் ஈரமும் வேண்டும். தை, மாசியில் வெயில் தெளிந்த ஒரு நாளில் பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த வேப்பிலையோ அந்துருண்டையோ போட்டு மூடிவையுங்கள். நேர் வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள்; வண்ணம் வெளிறிவிடும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் வழவழப்பான டைல்ஸ் தரை. மாக்கோலம் ஒட்டவில்லை, ஒட்டினாலும் காய்ந்து செதிலாக உரிகிறது. மழை நாளில் கோலப்பொடியும் கரைந்துபோகிறது. ஒட்டுக்கோலம் வாங்கி ஒட்டிவிடலாமா?
(வாசகி, தாம்பரம்)

பதில்: ஒட்டுக்கோலம் வேண்டாம் என்பதே என் கருத்து. நாள்தோறும் கையால் இட்டு, நாள்தோறும் அழிந்து, மறுநாள் புதிதாக இடும் ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிட்டால், சில வாரங்களில் வீட்டார் கண்ணுக்கே அது தெரியாமல் போய்விடும். ஓரங்களில் அழுக்கும் சேரும். மாக்கோலம் செம்மண் தரையிலும் சிமெண்ட் தரையிலும் நிற்பதற்குக் காரணம், அந்தத் தரை மாவிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதுதான். மெருகிட்ட டைல்ஸ் உறிஞ்சாது. எனவே தரையை மாற்ற முடியாதவர்கள் கோலம் இடும் பரப்பை மாற்றிக்கொள்ளலாம். மெருகேற்றாத கடப்பா கல் ஒன்றை, ஏறத்தாழ இரண்டடிச் சதுரமாக வெட்டி வாங்கி, நிலைப்படிக்கு ஒரு பக்கமாக, நடைபாதையை மறிக்காமல் வையுங்கள். கருங்கல்லின் மேல் வெள்ளை மாவு எடுப்பாகத் தெரியும். மழைச்சாரல் அடித்தால் கல்லையே உள்ளே எடுத்துவைக்கலாம்.

பச்சரிசியை ஊறவைத்து, கையில் மணல் தட்டாத அளவுக்கு நைசாக அரைத்து, சிறு துணியை அதில் தோய்த்து, உள்ளங்கையில் வைத்து அழுத்த அழுத்த மோதிரவிரல் வழியாக மாவு இறங்கும்படி இழுங்கள். இழுக்கும்போது நீர்த்துத் தெரியும் கோடு காய்ந்த பிறகுதான் வெளுக்கும். ஆகவே வெண்மை போதவில்லை என்று மேலே மேலே பூசாதீர்கள், தடித்த மாவுதான் செதிலாக உரிகிறது. சுற்றிலும் காவியைக் கரைத்து ஒரு வரி கொடுத்தால் கோலம் நிறைவு பெறும். கடையில் விற்கும் வெள்ளைக் கோலப்பொடியில் பெரும்பாலானவை கற்பொடி; அதைத் தின்ன எறும்பும் வராது, குருவியும் வராது. வழவழப்பான தரையில் அது ஈரத்தோடு சேர்ந்தால் வழுக்கும் என்பதால் முதியவர்கள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

கேள்வி: தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பால்கனியில் அகலும் வேண்டும், சீரியல் விளக்கும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மழையில் பாதுகாப்பானதா?
(வாசகர், கடலூர்)

பதில்: புதிய அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திய பிறகு எண்ணெய் ஊற்றினால், மண் எண்ணெயை உறிஞ்சுவது குறையும். பால்கனியில் நைலான் கொசுவலையோ திரைச்சீலையோ இருந்தால் அன்று மாலை அதை முற்றிலும் கழற்றிவிட வேண்டும். சுருட்டிக் கட்டுவது போதாது. சீரியல் விளக்கு வாங்கும்போது வெளிப்புறப் பயன்பாட்டுக்கு உரியதா என்று பாருங்கள், பெட்டியில் ஐ.பி. 44 என்றிருந்தால் சாரலைத் தாங்கும், ஐ.பி. 65 என்றிருந்தால் நேர்மழைக்கும் தாங்கும். ஆனால் விளக்குச் சரம் எவ்வளவு நல்லதானாலும், அதைச் செருகும் பிளக் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். இரும்புக் கம்பி அழியில் வயரை இறுக்கிச் சுற்றாதீர்கள். வீட்டின் மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், இந்த ஆண்டு விளக்குச் சரத்துக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் குடிலுக்கும் மரத்துக்கும் ஆண்டுதோறும் பஞ்சைப் பனியாகத் தூவுகிறோம். வியர்த்துக் கொட்டும் ஊரில் இது பொருந்தாமல் தோன்றுகிறது. நம் ஊருக்கு ஏற்ப எப்படிச் செய்யலாம்?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: நீங்கள் இப்படிக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. பெத்லகேமிலேயே பனிப்பொழிவு அரிதான நிகழ்வுதான். 1223ஆம் ஆண்டில் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. அவை மூன்றும் நமக்கு அந்நியமானவை அல்ல. பஞ்சு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. மெழுகுவர்த்தியும் மின்விளக்கும் சூழ்ந்த இடத்தில் அதைத் தூவுவது ஆபத்து.

குடிலின் கூரைக்குப் பனையோலை, தரைக்கு ஆற்றுமணல், புல்வெளிக்குக் கேழ்வரகு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 14, 15 தேதியில் கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஆழமில்லாத தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த மண்ணும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, அதன் மேல் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, கையால் தண்ணீர் தெளியுங்கள். நம் வெப்பத்துக்கு இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். திருவிழா இரவன்று மென்பச்சைக் கம்பளமாக நிற்கும். முளைத்த பிறகு வெளிச்சத்தில் வைக்காவிட்டால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். இந்தத் தட்டுகளைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். முளை வந்துவிட்டதா என்று காலையில் அவர்கள் குனிந்து பார்க்கும் ஆவலும் விழாவின் ஒரு பகுதிதான்.

மரத்துக்குச் சவுக்குக் கிளையே நமக்கு ஏற்றது. அது வெட்டிய சில நாளில் காய்ந்து உதிரத் தொடங்கும் என்பதால், 20ஆம் தேதிக்கு முன் வாங்காதீர்கள். அடியைச் சாய்வாக வெட்டி, ஈரமணல் நிரப்பிய வாளியில் ஊன்றி, தினமும் நீர் ஊற்றி, மின்விசிறியின் நேர்க்காற்றுப் படாத மூலையில் நிறுத்துங்கள். சூடேறும் பழைய குண்டு விளக்குகளைத் தவிர்த்து, எல்.இ.டி. விளக்குகளை மட்டும் சுற்றுங்கள். நட்சத்திர விளக்கு காகிதமா துணியா என்ற தயக்கம் வேண்டாம். கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் காகிதம் தொய்ந்துவிடும், துணி பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்கிறார் மாமியார், பெயிண்ட் போதும் என்கிறார் கணவர். காப்புக்கட்டுக்கு எவற்றை வாங்க வேண்டும்?
(வாசகி, ஈரோடு)

பதில்: சுவர் முன்பே சுண்ணாம்பு அடித்த பழைய சுவராக இருந்தால் மாமியார் சொல்வதே சரி. மழைக்காலம் முடிந்து சுவரில் ஈரம் இன்னும் மிச்சமிருக்கும் அந்த நேரத்தில் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் போட்டு உரியும்; சுண்ணாம்போ ஈரச்சுவரில்தான் நன்றாகப் பிடித்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது. அங்கே கணவர் பேச்சைக் கேளுங்கள், ஆனால் சுவர் முழுவதும் உலரும்வரை காத்திருங்கள். சுண்ணாம்பு கரைக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

காப்புக்கட்டுக்கு உங்கள் கொங்குப் பகுதி வழக்கப்படி வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் போதும். மூன்றும் தண்ணீர் ஊற்றாமலேயே தரிசிலும் வேலியோரத்திலும் வளர்பவை. போகி மாலையில் கூரை இறவாணத்தில் செருகியபின் அழுகாமல் அப்படியே உலர்ந்து நிற்கும். பூளைப்பூ கதிரின் வெண்மையும் மாறாது. சந்தையில் கட்டு வாங்கும்போது பூளைப்பூவைத் தட்டிப் பாருங்கள். பஞ்சு உதிர்ந்தால் அது முற்றியது, வேறு கட்டு கேளுங்கள்.