மங்கோலிய மேய்ப்பர்கள் செல்போன் வந்த பிறகும் நாடோடிகள்தானா?

கேள்வி இதுதான்: மங்கோலியாவில் ஆடு, குதிரை ஓட்டிக்கொண்டு இடம் மாறி மாறி வாழும் மக்கள் இன்னும் அப்படியே இருக்கிறார்களா, இல்லை செல்போனும் சோலாரும் வந்து அந்த வாழ்க்கை அழிந்துவிட்டதா?

இருக்கிறார்கள். செல்போனால் ஒன்றும் அழியவில்லை. அடி விழுவது வேறு பக்கத்திலிருந்து.

எனக்கு வடசென்னையில் எர்ணாவூர். பைப் ஃபிட்டர். பக்கத்து மணலி ஆலைகளில், ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலைக்குப் போய்த் தொழில் கற்றவன். இந்தியா கொடுத்த கடனில் மங்கோலியாவின் முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைக் கோபிப் பாலைவனத்தில், சைன்ஷாந்த் நகரத்துக்குப் பக்கத்தில் கட்டுகிறார்கள். 2018-இல் அடிக்கல் நாட்டியது. அந்த வேலைக்கு 2023 கோடையில் போய் ஒன்றரை வருஷம் இருந்தேன். நம்மூரில் 20 டிகிரிக்கே குரங்குக் குல்லா போடுகிற ஆள் நான். அங்கே மைனஸ் 30-இல், பைப்பைச் சூடுகாட்டின பிறகுதான் வெல்டிங் வைக்க முடியும்.

எங்கள் வேன் டிரைவர் மேய்ப்பர் குடும்பம். அவருடைய அண்ணன் பக்கத்து மாகாணமான சுக்பாதரில் மந்தை வைத்திருந்தார். செப்டம்பரில் நான்கு நாள் லீவு கிடைத்தபோது டிரைவர் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். எங்களுக்குள் பேச்செல்லாம் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப் வழியாகத்தான். அண்ணனிடம் என்னென்ன கால்நடை இருக்கிறது என்று கேட்டேன். ஆப் 'ஐந்து மூஞ்சிச் செல்வம்' என்றது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் சொல்வதே அப்படித்தான்: குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகிய ஐந்துக்கும் சேர்த்து அதுதான் பெயர்.

வீடு வட்டமான கூடாரம், 'கெர்' என்பார்கள். மரச்சட்டத்தின் மேல் ஆட்டு ரோமத்தை அடித்துச் செய்த தடிக் கம்பளி. வாசல் எப்போதும் தெற்கே. நடுவில் அடுப்பு, அடுப்பில் வறட்டி. என் ஆயா மாட்டுச் சாணியைத் தட்டிச் சுவரில் அறைவாள். இங்கே தட்டுகிற வேலையே இல்லை, வெயிலிலும் காற்றிலும் தானாகக் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். டீயில் சர்க்கரை கிடையாது, உப்பு. முதல் வாய் கஷ்டம், மூன்றாம் நாள் பழகிவிட்டது.

கூடாரத்துக்கு வெளியே சோலார் பலகை, டிஷ் ஆன்டெனா, சீன பைக் இரண்டு, நீல நிறக் கொரியக் குட்டி லாரி ஒன்று. இடம் மாற்றும்போது கூடாரத்தைப் பிரித்து அந்த லாரியில் ஏற்றிவிடுவார்கள்; முன்பு இந்த வேலைக்கு ஒட்டகம். சோலார் வந்த கதை முக்கியம். 2000 முதல் 2012 வரை அரசாங்கமே மானிய விலையில் சுமார் ஒரு லட்சம் மேய்ப்பர் குடும்பங்களுக்குக் கழற்றி மாட்டுகிற சோலார் கொடுத்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் வீட்டுக்குக் கம்பம் நட்டுக் கரண்ட் கொடுக்க முடியாது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். அதாவது அந்தத் தொழில்நுட்பம் அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்கவில்லை, அலைவதற்கு வசதி செய்து கொடுத்தது. போனும் அப்படித்தான். அண்ணன் காலையில் பைனாகுலரோடு மேட்டில் ஏறுவார். மந்தையைப் பார்ப்பதும் சிக்னல் பிடிப்பதும் ஒரே இடத்தில். வானிலை, ஆட்டு விலை, காணாமல்போன குதிரையின் போட்டோ, எல்லாம் ஃபேஸ்புக்கில். இதைப் பார்த்து 'ஐயோ, பாரம்பரியம் போச்சு' என்கிறவர்கள், எங்கள் ஊர் மீனவர்கள் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டதற்கும் அழ வேண்டும்.

சரி, அடி எங்கிருந்து? 'ஜுட்' என்று ஒரு சொல் இருக்கிறது: கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகிற குளிர்காலம். குளிரால் மட்டும் வருவதல்ல அது. கோடையில் மழை பொய்த்தால் புல் குறையும், ஆடு கொழுப்பு ஏறாமலே குளிர்காலத்துக்குள் நுழையும். அப்புறம் பனி ஆழமாக மூடினால் வெள்ளை ஜுட். பனி உருகி மறுபடி உறைந்து, புல்லுக்கு மேலே கண்ணாடி மாதிரி தகடு போட்டால் இரும்பு ஜுட். குளம்பால் உதைத்தாலும் உடையாது. கீழே புல் தெரியும், வாய்க்கு எட்டாது. ஆடு நின்றபடியே செத்துப்போகும். முன்பெல்லாம் எப்போதாவது வரும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், இப்போது அடிக்கடி. 1940-இலிருந்து அந்த நாட்டின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. வெப்பம் ஏறினால் குளிர்காலம் சுலபமாகத்தானே ஆக வேண்டும் என்று நானும் கேட்டேன். கோடை வறட்சியும், இடையில் பனி உருகி உறைவதும் அதோடு சேர்ந்தே வருகிறதாம்.

நான் போன அந்தக் குளிர்காலமே அப்படி ஆனது. 2023-24-இல் நாடு முழுக்க 70 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்தன, பத்தில் ஒன்றுக்கு மேல். அண்ணனிடம் 500 உருப்படி இருந்தது. மார்ச் முடிவில் 140. எச்சரிக்கை போனில் முன்கூட்டியே வந்திருந்தது. ஆனால் எங்கே ஓட்டிக்கொண்டு போவது? போகிற இடமெல்லாம் அதே பனி. இன்சூரன்ஸ்கூட இருக்கிறது, 2006-இல் தொடங்கியது. உங்கள் ஆடு செத்ததா என்று யாரும் எண்ண வரமாட்டார்கள். அந்த வட்டாரத்துச் சாவு ஒரு அளவைத் தாண்டினால் பணம் வரும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. அண்ணன் அந்த வருஷம் போடவில்லை.

இதை வீட்டுக்குப் போன் பண்ணும்போது பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பழவேற்காட்டுப் பக்கம் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்ட மீனவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னாடா, அவ்ளோ ஆடு எதுக்கு வெச்சிருந்தாங்க?" என்றார். நியாயமான கேள்வி. 1990 வரை கூட்டுறவுப் பண்ணை. நாடு முழுக்க சுமார் 2.6 கோடி கால்நடை. சோஷலிசம் போனதும் மந்தை தனியார் கைக்கு வந்தது. 2023 முடிவில் சுமார் 6.5 கோடி. மனிதர்கள் 35 லட்சம்தான்! அதிலும் வெள்ளாடு வேகமாகப் பெருகியது, ஏனென்றால் அதன் உள்ரோமம்தான் காஷ்மீர் கம்பளி. வசந்தத்தில் சீப்பால் வாரி எடுத்து விற்பார்கள். வீட்டில் ரொக்கம் புழங்குவதே அப்போதுதான். பேங்க் கடனும் அந்தப் பணத்தை நம்பித்தான். வெள்ளாடு புல்லை வேரோடு பிடுங்கும் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? செம்மறி ரோமத்துக்குக் காசு கிடையாது.

"புல்லு யாருது?" என்றார் பெரியப்பா. ஆடு தனியாருடையது, மேய்ச்சல் நிலம் பொது, சட்டப்படியே யாருக்கும் சொந்தமாக்க முடியாது என்றேன். "அப்ப பாடு யார்டா போடுறது?" என்றார்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை. இறால் பிடிக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விடுவது என்று பிரித்துக்கொள்வார்கள். அதில் எல்லாருக்கும் இடமில்லை, சண்டை, கோர்ட்டு எல்லாம் உண்டு. அதைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. மங்கோலியாவில் பழைய பங்கீட்டு வழக்கமும் தளர்ந்துவிட்டது, கூட்டுறவும் போய்விட்டது, சீட்டுப் போட ஆளில்லை. டிரைவரிடம் ஆப் வழியாக இதைக் கேட்டேன். ஆப் என்ன மொழிபெயர்த்ததோ, வெகுநேரம் சிரித்தார். அப்புறம், பக்கத்து மாகாணத்துக்காரர்கள் வறட்சியில் தங்கள் மந்தையை இங்கே ஓட்டிவந்தால் விரட்டுவது பாவம், விரட்டாவிட்டால் நமக்குப் புல் இல்லை என்றார்.

இன்னொரு விஷயமும் குடும்பத்தை உடைக்கிறது, பள்ளிக்கூடம். ஆறு வயதில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். அந்த வயதில் ஹாஸ்டலில் விட மனசு வராமல் அம்மா பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடுகிறாள். குளிர்காலம் முழுக்க அப்பா மட்டும் மந்தையோடு. அண்ணன் வீட்டிலும் அதுதான்.

மந்தையை இழந்தவர்கள் தலைநகர் உலான்பாத்தருக்குப் போகிறார்கள். நாட்டின் மக்களில் பாதிக்கு அருகில் அந்த ஒரு நகரத்தில். ஓரத்து மேடுகளில் கூடாரத்தை அப்படியே நட்டுக்கொள்கிறார்கள், ஆனால் அடுப்பில் வறட்டிக்குப் பதில் நிலக்கரி. 2019-இல் பச்சைக் கரியைத் தடை செய்து அழுத்திய கரிக்கட்டி கொடுக்கிறார்கள். இருந்தும் ஜனவரியில் விமானம் ஏற அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். மணலிக் காற்றில் வளர்ந்த எனக்கே தொண்டை எரிந்தது.

அண்ணன் இன்னும் அங்கே போகவில்லை. மிஞ்சின 140-ஐ மைத்துனன் மந்தையோடு சேர்த்துவிட்டு, எங்கள் சைட்டிலேயே வாட்ச்மேன் வேலைக்கு வந்தார். நான் ஊர் திரும்பிய பிறகு போன வசந்தத்தில் ஒரு வீடியோ அனுப்பினார்: கூடாரத்துக்குள் அடுப்புப் பக்கம் எட்டு குட்டிகள், பின்னால் டிவி ஓடுகிறது. அதில் எத்தனை வெள்ளாடு என்று கேட்டதற்கு மூன்று விரல் காட்டினார்.