எந்தப் பட்டியலில் வேலை?

கேள்வி: தூத்துக்குடிக்கு வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் கம்பெனி வந்தாயிற்று. ஆந்திராவைப் போல உள்ளூர்க்காரர்களுக்கு 75 சதவீத வேலை என்று நம் அரசும் சட்டம் போட்டால் என்ன? நிலம் நம்முடையது, வேலை வெளியூர்க்காரனுக்கா?
— வாசகர் ஒருவர், ஓட்டப்பிடாரம்

பதில்: நிலம் இப்போது அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டுடையது. அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். சட்டம் போடலாம். மாதம் 30,000 ரூபாய்க்குள் சம்பளம் உள்ள தனியார் வேலைகளுக்கு ஹரியானாவும் 75 சதவீதம் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது.

அப்படியொரு சட்டம் நின்றாலும் என்ன கிடைக்கும்? எத்தனை பேர் உள்ளூர் என்று எண்ணலாம். எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அசெம்பிளி லைனில் நிரந்தரத் தொழிலாளி, டிரெய்னி, அப்ரெண்டிஸ், கான்ட்ராக்ட் எல்லாரும் தோளோடு தோள் நின்று ஒரே டார்க் ரெஞ்சால் ஒரே போல்ட்டைத்தான் முடுக்குவார்கள். சம்பளச் சீட்டு மட்டும் வேறு வேறு.

அப்ரெண்டிஸ் என்றால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. யாரை எடுப்பது என்பதைக் கம்பெனியே வகுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். பதிவில்லாமல் அப்ரெண்டிஸ் என்று அழைப்பது வெறும் பெயர்தான்.

மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே 1981 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். மாதம் 26 நாள் என்றால் பத்தொன்பதாவது மாதத்தில் எட்டிவிடும். அதனால்தான் பல இடங்களில் அதற்கு முன்பே கணக்கு முடிக்கிறார்கள். அல்லது கான்ட்ராக்டர் பெயரை மாற்றி, நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். வழக்கு பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, சான்றில்தான் தோற்கிறது. வேலை உத்தரவு யார் லெட்டர்ஹெட்டில் வந்தது, மாதாமாதம் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக்கில் யார் பெயர், கேட் பாஸின் இரு பக்கமும்: இத்தனையையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலை போன அன்றே கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். மனு போக வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை ஆய்வாளரிடம். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை வரிசைக்கு அல்ல.

இன்னொன்று, எண்ணிக்கை பற்றி. 2025 ஆகஸ்டில் திறந்த இந்த ஆலையின் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். 300 நாள், இரண்டு ஷிஃப்ட் என்று வைத்தால் ஆறு நிமிடத்துக்கு ஒரு கார். ஆந்திராவில் பெனுகொண்டா கியா கார் ஆலையின் தொடக்கத் திறனே 3 லட்சம், அதாவது நிமிடத்துக்கு ஒன்று. லைன் மெதுவாக ஓடினால், கார் நின்று வேலை நடக்கும் ஸ்டேஷனும் குறைவு, ஆளும் குறைவு. காரின் கூட்டைச் செய்யும் பாடி ஷாப்பில் வெல்டிங் பெரும்பாலும் ரோபோ. ஆள் அதிகம் பிடிப்பது சீட், வயரிங், பம்பர் செய்யும் வெண்டார் கம்பெனிகள். பாகங்கள் துறைமுகத்தில் கன்டெய்னரில் இறங்கிக்கொண்டிருக்கும்வரை அந்த வேலைகள் நம் பக்கம் வராது. எந்தப் பாகம், எந்த ஆண்டுக்குள் இங்கே செய்யப்படும் என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், 75 சதவீதத்தைவிடச் சங்கடமான கேள்வி அது.

பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்ப்பதானால் எலக்ட்ரீஷியனோ மெக்கட்ரானிக்ஸோ பாருங்கள். மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை. இருப்பது சில நூறு வோல்ட் ஓடும் ஆரஞ்சு கேபிள். அதைத் தொடப் பயிற்சி இல்லாதவனை அந்த ஸ்டேஷன் பக்கமே விடமாட்டார்கள்.