மண்ணெண்ணெயும் பத்து மாதமும்

"2022இல் அப்பா பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு கிடந்தார். இன்றைக்கு வரிசை இல்லை, டொலரும் இறங்கிவிட்டது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளைப் பற்றி ஏன் இன்னும் புறுபுறுக்கிறீர்கள்? சலுகைக்குப் பழகிய சனம் திருந்த வேண்டாமா?"
(வாசகர் ஒருவர், கொழும்பு)

அன்புள்ள தம்பி,

அப்பா சுகமா? அந்த வரிசைகளில் நின்றபடியே உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம்.

நிதியம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு கைவிரித்த பிறகு வேறு வழி இருக்கவில்லை. டொலர் கதையும் கிடக்கட்டும்.

ஆனால் "சலுகைக்குப் பழகிய சனம்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2019 முடிவில், பொருள் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டும் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டச் சொல்லி எங்கள் கரையில் யாரும் மனுக் கொடுக்கவில்லை. திறைசேரி வற்றியதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்குண்டு. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமானபோது, சவர்க்காரம் வாங்கப் போனவளும் சேர்ந்துதான் கட்டினாள்.

பருத்தித்துறையில் என் குஞ்சியப்பா படகு எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார். 2022 ஓகஸ்ட் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. இருபது லீற்றர்க் கானுக்கு 1,740 கொடுத்தவர் மறுநாள் 6,800 கொடுக்க வேண்டும். செப்டெம்பர் 1ஆம் திகதி நிதியத்தின் அதிகாரிகளோடு உடன்பாடு வந்தது. வறிய குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும நிவாரணம் தொடங்கியதோ 2023 யூலையில்!

இடையில் பத்து மாதம். நான் புறுபுறுப்பது இதற்குத்தான். விலையை ஏற்ற ஓர் இரவு போதும். நிவாரணத்துக்கு மட்டும் விண்ணப்பம், கணக்கெடுப்பு, பெயர்ப்பட்டியல், மேன்முறையீடு. ஏன் இந்த ஒழுங்கு? பட்டியலை முதலில் எடு, காசை முதலில் கையில் கொடு, அடுத்த நாள் விலையை ஏற்று. யார் மறிக்கப் போகிறார்கள்? நட்டத்தில் மண்ணெண்ணெய் விற்க முடியாதென்றார்கள், சரி. நட்டத்தில் கடலுக்குப் போக மட்டும் முடியுமா?

குஞ்சியப்பா எஞ்சினைக் கழற்றிச் சாக்கால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். கரையோரமாகத் துடுப்பு வலித்துக் கறிக்கு மட்டும் மீன் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு.

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள், தம்பி. அந்த இரண்டு இரவும் பக்கத்து வரிசையில், வெறும் கானைக் கயிற்றில் கோத்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தவர்கள் யாரென்று.