கறிக்கூடக் கழிவுநீர்: கேட்டவையும் பதிலும்

கோழி வெட்டும் கூடம் சார். கழிவுநீர்த் தொட்டிக்குக் காத்து அடிக்கிற ப்ளோயர் ராப்பகலா ஓடியும் பி.ஓ.டி. (தண்ணியில் உள்ள அழுக்கைப் பாக்டீரியா தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) இறங்கலை. இன்னொண்ணு போடலாமா?

முதலில் ரத்தம் எங்கே போகுதுன்னு பாருங்க. ரத்தத்தின் சி.ஓ.டி. (அழுக்கை ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 லட்சம் மில்லிகிராமைத் தாண்டும். 100 லிட்டர் தண்ணியில் 1 லிட்டர் ரத்தம் கலந்தாலே லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கூடிடும். அதை எரிக்க கரன்ட் பில் கட்டுறதைவிட, வெட்டும் இடத்திலேயே தனித் தொட்டியில் பிடிச்சு ரெண்டரிங்குக்கு (கறிக்கழிவை வேக வெச்சு தீவனத்தூள், கொழுப்பு எடுக்கிற இடம்) கொடுத்துடுங்க. ப்ளோயர் பேச்சு அப்புறம்.

மத்தியானமானா க்ளாரிஃபையரில் (சேறு படியுற தொட்டி) ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைஞ்ச சேறு) கட்டிகட்டியா மேலே வருது. சிலர் இழைப் பாக்டீரியாங்கிறாங்க.

ஏரேஷன் டேங்க் (காத்து அடிக்கிற தொட்டி) தண்ணியை 1 லிட்டர் சிலிண்டரில் ஊத்தி அரை மணி நேரம் பாருங்க. படியவே மாட்டேங்குதுன்னா இழைகள் மேல சந்தேகப்படலாம். நல்லாப் படிஞ்சு, அப்படியே விட்டு வெச்சா ஒன்றிரண்டு மணி நேரத்தில் குமிழியோட பிச்சுக்கிட்டு மேலே வருதா? அது நைட்ரஜன் வாயு. கறிக்கூடத் தண்ணியில் புரதம் அதிகம். அது அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகுது. க்ளாரிஃபையர் அடியில் காத்தில்லாமல் கிடக்கும் ஸ்லட்ஜ் அந்த நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு வாயுவை விடுது. வெயில் காலத்தில் இன்னும் வேகமா நடக்கும்.

படிஞ்ச ஸ்லட்ஜை ஏரேஷனுக்குத் திருப்பி அனுப்புற ரிட்டர்ன் பம்பைக் கூட்டி, ஸ்லட்ஜ் அங்கே தேங்காமல் பாருங்க. நிரந்தர வழி, ஏரேஷனுக்கு முன்னால் காத்து விடாமல் கலக்கி மட்டும் ஓடுற ஒரு தொட்டி கட்டி, நைட்ரேட் தண்ணியை அங்கே திருப்புறது. அந்த வேலை க்ளாரிஃபையரில் நடக்காமல் அங்கேயே முடியும்.

பி.எச். 6-க்குக் கீழே போகுது, ஆசிட் எதுவும் பயன்படுத்தலையே?

அதே அம்மோனியாதான். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, பி.எச். இறங்காமல் தாங்குற காரத்தன்மையை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) சுமார் 7 கிராம் சாப்பிடும். இப்போதைக்கு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போடுங்க. மேலே சொன்ன தொட்டி வந்தா பாதி திரும்பக் கிடைக்கும்.

யு.ஏ.எஸ்.பி. (காத்தில்லாமல் பாக்டீரியா வேலை செய்யுற, தண்ணி கீழிருந்து மேலே ஏறுற தொட்டி) போட்டு கேஸ் எடுக்கலாமாண்ணா?

எடுக்கலாம். 1 கிலோ சி.ஓ.டி. குறைஞ்சா கணக்குப்படி 0.35 கன மீட்டர் மீத்தேன். ஆனா கொழுப்பை டி.ஏ.எஃப்.-இல் (பொடிக் காத்துக்குமிழியால் கொழுப்பை மிதக்க வைக்கிற தொட்டி) முதலில் வழிச்சு எடுக்கணும். இல்லேன்னா அது யு.ஏ.எஸ்.பி.-யில் உருண்டையா இருக்கிற ஸ்லட்ஜ் மணிகளில் ஒட்டி, மிதக்க வெச்சு வெளியே தள்ளிடும். அம்மோனியாவும் குறையாது, அதனால் பின்னால் ஏரேஷன் வேணும்.

பாக்டீரியா பொடி பாக்கெட் விக்கிறாங்க?

காசை வீணாக்காதீங்க. நல்லா ஓடுற பிளான்ட்டிலிருந்து ஒரு டேங்கர் ஸ்லட்ஜ் வாங்கி ஊத்துங்க.

ராத்திரி கிருமிநாசினி போட்டுக் கழுவுறோம், அது?

மொத்தமா ஒரே நேரத்தில் ஏரேஷனுக்குப் போகக் கூடாது. ஈக்வலைசேஷன் டேங்க்கில் (வர்ற தண்ணியைச் சேர்த்துச் சமப்படுத்துற தொட்டி) பிடிச்சு, மறுநாள் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.