ஏழு கையெழுத்தும் ஒரு மென்பொருளும்

வணக்கம் சார்,

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். நூறு பேருக்குக் கொஞ்சம் மேல் வேலை செய்கிறோம். போன வருஷம் முதலாளி பெரிய செலவு செய்து இ.ஆர்.பி. (வாங்குவது, ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) வாங்கினார். அதற்கு முன் டாலி, எக்செல், ரெஜிஸ்டர் இவ்வளவுதான். இனி வேலை பாதியாகும் என்றார்கள். எங்களுக்கு இரண்டு மடங்காகிவிட்டது.

சரக்கு வந்தால் கேட்டில் ஒரு நோட்டு, ஸ்டோர்ஸில் ஒரு ரெஜிஸ்டர், அப்புறம் கம்ப்யூட்டரில் ஜி.ஆர்.என்., அதாவது சரக்கு வந்த ரசீது. ஒரு பில்லுக்குப் பணம் போக முன்பு ஏழு கையெழுத்து வேண்டும். அந்த ஏழும் அப்படியே இருக்கிறது, கூடவே கம்ப்யூட்டரில் ஏழு பேர் 'அப்ரூவ்' அழுத்த வேண்டும். பகலெல்லாம் பேப்பர், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து என்ட்ரி.

கன்சல்டன்டைக் கேட்டால் "உங்க ப்ராசஸை மாத்தணும்" என்கிறார். முதலாளி "நம்ம வழக்கத்துக்கு சாஃப்ட்வேரை மாத்து" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று, எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் இருபது வருஷமாக இருக்கிறார். கம்ப்யூட்டர் தெரியாது. எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்தால் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

யார் சொல்வது சரி என்ற கேள்விக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த ஏழு கையெழுத்து. ஏழு பேர் கையெழுத்துப் போடும் வேலையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஏழு பேர் பட்டன் அழுத்தும் வேலைதான் கிடைக்கும். உங்கள் கம்பெனி மென்பொருள் வாங்கியது. வேலை நடக்கும் விதத்தை யாரும் தொடவில்லை. அதற்கான விலையைத்தான் நீங்கள் தினமும் ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை ஓங்கிச் சொன்னவர் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்தாளர் மைக்கேல் ஹேமர். 1990இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய வேலைமுறையைக் கம்ப்யூட்டர் வைத்து வேகப்படுத்தாதீர்கள், வேண்டாததை ஒழித்துவிட்டு வேலையைப் புதிதாக அமையுங்கள் என்பது அதன் சாரம். அதில் அவர் காட்டிய உதாரணம் கார் கம்பெனியான ஃபோர்டு, பிற்பாடு நம் மறைமலை நகரில் ஆலை போட்ட அதே ஃபோர்டு. 1980களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் அவர்களிடம் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்தால் 400 பேராகக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்போதுதான் தாங்கள் பங்கு வைத்திருந்த ஜப்பானிய கார் கம்பெனி மாஸ்டாவைப் பார்த்தார்கள். அங்கே அதே வேலைக்கு 5 பேர். மாஸ்டா சின்ன கம்பெனி என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஃபோர்டில் இருந்தது தேவையைப்போல் ஐந்து மடங்கு ஆள்.

அத்தனை பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையரின் பில், இந்த மூன்றையும் ஒத்துப்பார்ப்பதுதான் வேலை. 14 விவரங்கள் பொருந்த வேண்டும். பொருந்தாத கேஸ்களைத் துரத்துவதிலேயே பெரும்பாலான நேரம் போனது. ஃபோர்டு கடைசியில் செய்தது இது: ஆர்டர் போடும்போதே அது கம்ப்யூட்டரில் ஏறிவிடும். சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருப்பவர் திரையைப் பார்ப்பார். ஆர்டரோடு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வார், பணம் தானாகப் போகும். ஒத்துப்போகாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். பில் அனுப்பவே வேண்டாம் என்று சப்ளையர்களிடம் சொல்லிவிட்டார்கள். பொருத்திப் பார்க்க வேண்டியது மூன்றே விவரம்: பாகத்தின் எண், அளவின் அலகு, சப்ளையர் கோடு (குறியீடு). அந்தப் பிரிவில் ஆள் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது.

இதை அப்படியே உங்கள் கம்பெனியில் செய்ய முடியாது. நம் ஊரில் பில்லை ஒழிக்க வழியில்லை, உங்கள் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவே (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) சப்ளையரின் பில்லில்தான் தொங்குகிறது. ஆனால் ஃபோர்டு செய்ததில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒத்துப்பார்க்கும் வேலையை அக்கவுன்ட்ஸ் மேஜையிலிருந்து கேட்டுக்குக் கொண்டுபோனார்கள். லாரி இன்னும் நிற்கும்போதே, டிரைவர் பக்கத்தில் இருக்கும்போதே தகராறு தீர்ந்துவிடுகிறது. மூன்று வாரம் கழித்து உங்கள் மேஜையில் "40 ராடு குறைகிறதே" என்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் கேட்டில் இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய சப்ளையர்கள் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இ-இன்வாய்ஸ்தான் போட வேண்டும். அந்தப் பில்லில் ஒரு கியூ.ஆர். கோடு இருக்கும். அதில் அவர்களுடைய ஜி.எஸ்.டி. எண், உங்களுடையது, பில் எண், தேதி, தொகை எல்லாம் இருக்கின்றன. கேட்டில் ஒரு ஸ்கேனர் வைத்தால் இந்த விவரங்களை யாரும் தட்ட வேண்டியதில்லை. உங்கள் பி.ஓ. (பர்சேஸ் ஆர்டர்) எண் அந்தக் கியூ.ஆரில் இருக்காது, அதை மட்டும் தட்ட வேண்டும். "பி.ஓ. எண் பில்லில் அச்சாகியிருக்கவில்லை என்றால் வண்டி உள்ளே வராது" என்று சப்ளையர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். முதல் மாதம் சண்டை வரும், வரட்டும். அப்புறம் கேட் நோட்டும் வேண்டாம், ஸ்டோர்ஸ் ரெஜிஸ்டரும் வேண்டாம். கேட்டில் ஆரம்பித்த அதே என்ட்ரியை ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து முடிக்கிறார்கள், க்யூ.சி. (தரம் பார்க்கும் பிரிவு) அதிலேயே சரி என்கிறது. ஒரே என்ட்ரி மூன்று கை மாறுகிறது. இன்றைக்கு உங்களிடம் மூன்று பேர் மூன்று என்ட்ரி போடுகிறார்கள்.

இனி கையெழுத்து. கிண்டி எஸ்டேட்டில் ஒரு தொழிற்கூடத்தில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் வாங்கவும் ஜெனரல் மேனேஜர் கையெழுத்து வேண்டும். ஏன் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அங்கே நெடுநாள் இருந்த டைம்கீப்பர்தான் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருவர் எடையில் ஏமாற்றிப் பில் போட்டு மாட்டிக்கொண்டாராம். அந்த ஆள் போய்விட்டார், அந்த மேனேஜரும் போய்விட்டார், கையெழுத்து மட்டும் தங்கிவிட்டது. நான் பார்த்த ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அடியில் இப்படி ஒரு பழைய நஷ்டம் இருக்கிறது, யார்மீதோ ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகம் இன்றைக்கும் தேவையா என்று மென்பொருள் சொல்லாது. கன்சல்டன்டாலும் சொல்ல முடியாது. பணம் போட்டவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் இ.ஆர்.பி. முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏழு கையெழுத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இவர் இதுவரை எதையாவது நிறுத்தியிருக்கிறாரா?" என்று குறித்துப் பாருங்கள். கீழே இருப்பவர் போட்டிருக்கிறாரே என்று மேலே இருப்பவர் போடுவார், மேலே ஒருவர் பார்ப்பாரே என்று கீழே இருப்பவர் போட்டிருப்பார். ஏழு பேர் போட்டும் உண்மையில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லாமல் போவது இப்படித்தான். விலை பேசி முடித்த பொருள், ஆர்டர் இருக்கிறது, எண்ணிக்கை சரி, க்யூ.சி. பாஸ் என்றால் அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். விலை மாறியிருந்தால், எண்ணிக்கை குறைந்திருந்தால், ஆர்டரே இல்லாமல் வந்திருந்தால் மட்டும் முதலாளி மேஜைக்குப் போகட்டும். அப்போது அவர் பார்ப்பது ஒரு நாளைக்கு நாலைந்து பில்தான், அவற்றை உண்மையிலேயே பார்ப்பார்.

முதலாளி லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டு விஷயத்தோடு போங்கள். முதலாவது, ஒரு பில்லை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு ஏழு பேரிடமும் நேராகப் போங்கள். ஐ.பி.எம்.மின் கடன் கொடுக்கும் பிரிவில் இரண்டு மேனேஜர்கள் இதைத்தான் செய்தார்கள். சராசரியாக ஆறு நாள் எடுத்த விண்ணப்பத்தை மேஜை மேஜையாகக் கொண்டுபோய் அங்கேயே செய்யச் சொன்னபோது மொத்த வேலை 90 நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் காகிதம் யாரோ ஒருவர் மேஜையில் கிடந்த நேரம். உங்கள் கம்பெனியில் எவ்வளவு என்று அவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் தேதி 43பி(எச்) பிரிவாக நடைமுறைக்கு வந்த விதி. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். நாள் எண்ணிக்கை ஓட ஆரம்பிப்பது சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, ஏழாவது கையெழுத்து விழுந்த நாளிலிருந்து அல்ல. அம்பத்தூரில் உங்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்களில் பாதிப்பேர் இந்த வகையில் வரலாம். மார்ச் மாதம் ஆடிட்டர் வந்து சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. வாங்குவது, பணம் கொடுப்பது, சம்பளம், ஸ்டாக் கணக்கு இதெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொது. இதில் மென்பொருள் எப்படி வருகிறதோ அப்படியே எடுத்துக்கொண்டு நீங்கள் மாறுங்கள். நம் வழக்கத்துக்கென்று வெட்டி ஒட்டினால் அடுத்த வெர்ஷன் வரும்போதெல்லாம் அழ வேண்டியிருக்கும். ஆனால் ஜாப் ஒர்க், அதாவது பொருளை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது, வேறு. ராடு வாங்கி, ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஒருவரிடம், அங்கிருந்து பிளேட்டிங்குக்கு இன்னொருவரிடம் டெலிவரி சலானில் போய், கடைசியில் உங்களிடம் திரும்பி வருவது அம்பத்தூரின் உயிர்நாடி. அப்படி அனுப்பிய பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வராவிட்டால் விற்றதாகவே ஜி.எஸ்.டி. சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தச் சலானில் போனது, எதில் எவ்வளவு திரும்பியது, பிசிறு எவ்வளவு என்பதை மென்பொருள் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அங்கே மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள். அதில் முதலாளி பக்கம் நான் நிற்பேன்.

நம் ஊரிலேயே பெரிய அளவில் இந்த வேலை நடந்திருக்கிறது. ஹாடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவன் வாசலில் பாஸ்போர்ட்டுக்காக வெயிலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்று சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்களில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் தனியார் ஊழியர் போட்டோ, கைரேகை எடுத்து ஆவணங்களை ஸ்கேன் செய்கிறார். பி-யில் அரசு அதிகாரி சரிபார்க்கிறார். சி-யில் முடிவெடுக்கும் அதிகாரி. ஃபைல் ஆபீசுக்குள் அலைவதற்குப் பதில் விண்ணப்பித்தவர் தானே நடந்து, அன்றைக்கே கடைசி மேஜை வரை போய்விடுகிறார். ஆவணத்தில் குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். முடிவெடுக்கும் பொறுப்பை மட்டும் அரசு தன் கையில் வைத்துக்கொண்டது, அதுதான் அந்த அமைப்பின் பலம். அப்புறம் போலீஸ் விசாரணை. அது இன்னொரு துறை, அந்த நாட்கள் கேந்திராவின் கையில் இல்லை. உங்களுக்கும் வங்கி, சப்ளையர் என்று இப்படி வெளியே முடிச்சுகள் இருக்கும். அவற்றை இப்போது தொட வேண்டாம், கேட்டிலிருந்து உங்கள் மேஜை வரை முடித்தால் போதும்.

ஸ்டோர்ஸ் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து இந்த வேலையின் மிக மோசமான வரலாறு நினைவுக்கு வந்தது. ஹேமரின் பேச்சைக் கேட்டு 90களில் அமெரிக்க கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பின. அதே 1990இல் இதே விஷயத்தை எழுதிய தாமஸ் டேவன்போர்ட், 1995இல் இந்த அலை மனிதர்களை மறந்துவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதினார். மனிதர்களின் பக்கத்தைத் தான் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று ஹேமரும் பிறகு ஒத்துக்கொண்டார். நம் ஊரில் அந்தத் தவற்றைத் திரும்பச் செய்ய எந்த அவசியமும் இல்லை.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்கிறீர்கள். ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாத எதுவெல்லாம் அவருக்குத் தெரியும் என்று பாருங்கள். ஐட்டம் மாஸ்டரை (கம்ப்யூட்டரில் உள்ள பொருள் பட்டியல்) திறந்தால் "16 எம்.எம். ராடு", "ராடு 16", "பிரைட் பார் 16" என்று ஒரே பொருள் மூன்று கோடில் இருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டரில் ஸ்டாக் இல்லை என்று காட்டும், ரேக்கில் குவிந்து கிடக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். கன்சல்டன்ட் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் சொல்ல முடியாது. ஐட்டம் மாஸ்டரை அவர் பொறுப்பில் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு கோடு திறக்க வேண்டுமென்றால் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். தட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு பையனைப் போடலாம், கொஞ்ச நாளில் அவரே தட்டுவார். ஸ்மார்ட்போனில் மகளுக்கு ஜி.பே. பண்ணுகிறவர்தானே அவரும். முதலாளியிடம் பேசப் போகும்போது அவரையும் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, ரெஜிஸ்டரை நிறுத்த ஒரு தேதி குறியுங்கள். "கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும்" என்று தேதி சொல்லாமல் விட்டால் ரெஜிஸ்டர் என்றைக்கும் நிற்காது. கம்ப்யூட்டரை நம்பாதவர்கள் ரெஜிஸ்டரைப் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் சரியாகவே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஸ்டாக்கை எண்ணி, கம்ப்யூட்டரில் இருப்பதைத் திருத்திவிட்டு, திங்கட்கிழமை காலையிலிருந்து ஜி.ஆர்.என். இல்லாத சரக்குக்குப் பணம் கிடையாது என்று முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். முதல் ஒரு வாரம் காலையில் அவர் கேட்டுப் பக்கம் வந்து நின்றால் இன்னும் நல்லது. அவசரம் என்று முதல் விதிவிலக்கு கேட்டு வரப்போவது அவருக்கு வேண்டிய சப்ளையராகத்தான் இருக்கும், அதற்கு இல்லை என்று சொல்ல அவரால் மட்டும்தான் முடியும்.

அன்புடன்.