‘இம்மெர்ஷன்ஸ்’: பன்மையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

வணக்கம். பினாங்கில் பாத்திக் (துணியில் மெழுகால் வடிவமிட்டுச் சாயமேற்றும் கலை) பயிற்சி வகுப்புக்காக நீங்கள் மொழிபெயர்க்கும் அவுரிச் சாயக் குறிப்பில் ‘திரீ இம்மெர்ஷன்ஸ்’ என்று வருவதாகவும், ‘மூன்று மூழ்கல்கள்’ என்று எழுதியது உங்களுக்கே உறுத்துவதாகவும் கேட்டிருந்தீர்கள். உறுத்துவது நியாயமே.

‘உள்ளே’ என்ற முன்னொட்டும் ‘மூழ்கச் செய்’ என்ற வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘இம்மெர்ஷன்’, ஒரு பொருள் முழுவதும் திரவத்துக்குள் போவதைக் குறிக்கிறது. ஒருமையில் அது பெரும்பாலும் நிலையைச் சொல்லும். பன்மையில் தனித்தனியாக எண்ணத்தக்க செயல்களைச் சொல்லும். உங்கள் குறிப்பில் அந்தப் பன்மை மிக முக்கியமானது. அவுரித் தொட்டியிலிருந்து பச்சை கலந்த மஞ்சளாக வெளிவரும் துணி, காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்ட பிறகே நீலமாகிறது. ஆகவே ஒருமுறை நெடுநேரம் ஊறவைப்பதும், மூன்று முறை முக்கி ஒவ்வொரு முறையும் காற்றாட விடுவதும் ஒன்றல்ல. ‘ஊறவைக்கவும்’ என்று எழுதினால் மாணவர்கள் துணியைத் தொட்டியிலேயே விட்டுவிடுவார்கள்.

‘மூழ்கு’ தன்வினை, இங்கே துணி தானாக மூழ்குவதில்லை, நாம் அதை முக்குகிறோம். தமிழ் இத்தகைய எண்ணிக்கையைப் பெயரில் ‘கள்’ சேர்த்துக் காட்டுவதைவிட ‘முறை’, ‘தடவை’ என்று வினையோடு சேர்த்தே இயல்பாகச் சொல்கிறது. எனவே, ‘துணியை மூன்று முறை சாயத்தில் முழுவதும் அமிழ முக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் காற்றாட விடவும்’ என்று எழுதுங்கள். அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தோய்ப்பு’ பொருந்தும்: முதல் தோய்ப்பு, இரண்டாம் தோய்ப்பு.

ஞானஸ்நானம் பற்றிய நூல்களில் இதே பன்மை வந்தால் மட்டும் ‘முழுக்கு’ என்பதே சரி. கிழக்கு மரபுவழித் திருச்சபையினரின் வழக்கத்தை ‘மும்முறை முழுக்கு’ எனலாம்.